பழைய சிறு டீசல் காரில் எஞ்சின் திறனைத் தேர்ந்தெடுத்தல்

நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று பணிபுரிய வேண்டிய அலுவலர்களும், நகரில் குடியிருந்து சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்று வரும் ஆசிரியர்களும் கைமாறிய சிறு டீசல் கார்களை நாடுவது நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படுவதாகும். புதிய வண்டியின் விலைக்கு அவர்களுடைய சேமிப்பு எட்டுவதில்லை. மாதந்தோறும் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டியவர்க்கு எரிபொருட் செலவும் சிறிதன்று. அத்தகையோர் சந்தைக்குச் சென்றவுடன் எதிர்ப்படும் வினா ஒன்று உண்டு. ஒரே வகைக் காரில், ஒரே அளவுள்ள எஞ்சின் 75 குதிரைத் திறனிலும் 90 குதிரைத் திறனிலும் கிடைக்கிறது. இவற்றுள் எதை வாங்குவது? தரகர் கூறும் விடை பெரும்பாலும் அவர் கையில் அன்று எந்த வண்டி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆயின் இவ்வினாவுக்குப் பள்ளி இறுதி வகுப்பு இயற்பியலைக் கொண்டே தெளிவான விடை காண இயலும்.

இந்தியச் சாலைகளில் இவ்வினா மிகுதியும் எழுவது ஒரே ஓர் எஞ்சினைப் பற்றியேயாகும். இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தார், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுறவு கொண்டிருந்த காலத்தில் உருவாக்கி 2003-இல் வெளியிட்ட 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் எஞ்சின்தான் அது. நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து அதன் கொள்ளளவு 1248 கன செண்டிமீட்டர். இதே எஞ்சின் மகாராஷ்டிரத்தில் புனேக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவ் தொழிற்சாலையிலும், ஹரியானாவில் மானேசரிலுள்ள சுசுகி தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. 2007-இல் மாருதி சுவிஃப்ட் காரில் இது டீசல் வடிவமாக வந்தது. பின்னர் டிசையர், ரிட்ஸ், எஸ்எக்ஸ்4, எர்டிகா ஆகியவற்றிலும், டாட்டாவின் இண்டிகா விஸ்டா, மான்ஸா, செஸ்ட் ஆகியவற்றிலும், ஃபியட்டின் புன்டோ, லீனியா ஆகியவற்றிலும் பல பெயர்களுடன் இடம் பெற்றது. விற்பனை நிறுவனங்கள் வெவ்வேறு பெயர் சூட்டினும் உள்ளிருந்தது ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது இவ்வெஞ்சின் புதிய கார்களிலிருந்து நீங்கிற்று. ஆகவே இதனை விரும்புவோர்க்கு இனிப் பழைய வண்டியன்றி வேறு வழியில்லை.

இவ்வண்டிகளுட் பெரும்பாலானவை இரண்டு திறன்களுள் ஒன்றை மட்டுமே பெற்றிருந்தன. சுவிஃப்ட், ரிட்ஸ், டிசையர் ஆகியவை 75 குதிரைத் திறன். எஸ்எக்ஸ்4, எர்டிகா, மான்ஸா ஆகியவை 90. புன்டோ, விஸ்டா, செஸ்ட் ஆகிய மூன்றிலும் இரு வகைகளும் விற்கப்பட்டன. ஆதலால் ஒப்புநோக்குவதற்கு இம்மூன்றும் மிக ஏற்றவை.

குதிரைத் திறன் என்பது யாது?

விளம்பரத் தாள்களில் காணப்படும் குதிரைத் திறன் மெட்ரிக் அளவாகும். 75 கிலோகிராம் எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலையே ஒரு குதிரைத் திறன், அது 735.5 வாட்டுக்குச் சமம். ஆங்கிலேயர் கணக்கில் ஒரு குதிரைத் திறன் 745.7 வாட் ஆதலின் இரண்டும் சற்றே வேறுபடும். 75 மெட்ரிக் குதிரைத் திறன் 55 கிலோவாட்டை ஒட்டியது. 90 என்பது 66 கிலோவாட்.

திறன் வேறு, முறுக்கு விசை வேறு. கிணற்றில் கவலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய சாலைக் கட்டி மெல்ல நடக்கும் மாடுகளும், சிறிய சாலைக் கட்டி விரைந்து நடக்கும் மாடுகளும் ஒரு மணி நேரத்தில் ஒரே அளவு நீரை மேலேற்றக் கூடும். இழுப்பின் வலிமை வேறு. அந்த இழுப்பு எத்தனை விரைவில் நிகழ்கிறது என்பது வேறு. இரண்டையும் பெருக்கி வருவதே திறன். எஞ்சினில் இழுப்பின் இடத்தில் முறுக்கு விசையும், நடையின் இடத்தில் சுற்று வேகமும் நிற்கின்றன. நியூட்டன் மீட்டரில் கூறப்படும் முறுக்கு விசையை நிமிடத்துக்குரிய சுற்றுகளால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் குதிரைத் திறன் கிட்டும்.

இக்கணக்கை இவ்விரண்டு எஞ்சின்களுக்கும் இட்டுப் பார்த்தால் விற்பனைத் தாளில் காணாத உண்மை ஒன்று வெளிப்படுகிறது. சுவிஃப்டில் உள்ள 75 குதிரைத் திறன் எஞ்சினின் உச்ச முறுக்கு விசை 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். எர்டிகாவிலும் செஸ்டிலும் வந்த 90 குதிரைத் திறன் எஞ்சினுக்கு அது 200. ஆகவே 2000 சுற்றில் முன்னது தருவது 54 குதிரைத் திறன்; பின்னது தருவது 57. வேறுபாடு இருபதில் ஒரு பங்கேயாகும். வண்டியின் பெயரில் பொறித்த 75-உம் 90-உம் இரண்டும் 4000 சுற்றில் அளக்கப்பட்டவை. அங்கு முன்னதன் முறுக்கு விசை 132 நியூட்டன் மீட்டராகத் தேய்ந்துவிடுகிறது; பின்னது 158 அளவில் நிற்கிறது. சுருங்கக் கூறின், பெரிய எஞ்சின் தாழ்ந்த சுற்றுகளில் மிகுதியாக இழுப்பதன்று. உயர்ந்த சுற்றுகளில் களைக்காமல் இழுப்பது. அந்த உயர்ந்த சுற்றுகளுக்கு வண்டியைக் கொண்டு செல்லாதவர், தாம் செலுத்திய மிகை விலைக்கு யாதொரு பயனும் பெறுவதில்லை.

வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இரண்டிலும் சிலிண்டர், பிஸ்டன், அழுத்த விகிதம் ஆகியவை ஏறக்குறைய ஒன்றே. மாறுபடுவது முக்கியமாகக் காற்றை உட்செலுத்தும் டர்போசார்ஜராகும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப டீசலும் மிகுதியாக எரியலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி இக்கருத்துக்கு 1905-இலேயே காப்புரிமை பெற்றார். இதன் பெருமையை உணர 1998-இல் காட்சிக்கு வந்த முதல் இண்டிகாவை நினைத்துப் பார்க்கலாம். டர்போ இல்லாத அதன் 1405 கன செண்டிமீட்டர் டீசல் எஞ்சின் தந்தது 53 குதிரைத் திறனை ஒட்டியதே.

75 குதிரைத் திறன் வகையில் உள்ள டர்போவின் வாயில் மாறாத அளவுடையது. புகை மிஞ்சும்போது ஒரு சிறு கதவு திறந்து மிகையானதை வெளியே விட்டுவிடும். அமைப்பு எளியது; பழுதும் குறைவு. 90 குதிரைத் திறன் வகையிலோ, புகைச் சக்கரத்தைச் சுற்றிலும் அசையும் சிறு தகடுகள் உண்டு. புகை குறைவாக வரும்போது தகடுகள் நெருங்கி, ஒடுங்கிய வழியில் புகையை விரைந்து பாயச் செய்கின்றன. புகை பெருகும்போது விலகி வழிவிடுகின்றன. தோட்டத்துக் குழாயின் முனையை விரலால் அடைப்பதும் விடுவதும் போன்றது இது.

தகடுகள் உள்ள வகை தாழ்ந்த சுற்றிலேயே விழித்தெழும் என்று கொள்கையளவில் கூறலாம். நடைமுறையில் இது எப்போதும் மெய்ப்படுவதில்லை. உயர்ந்த சுற்றுகளில் மிகுதியான காற்று தேவைப்படுவதால் டர்போவும் அதற்கேற்ப அமைக்கப்படுகிறது. வண்டியும் பெரும்பாலும் கனமானது. இவ்விரண்டும் சேர்ந்து, தகடுகளால் கிட்டிய நன்மையை விழுங்கிவிடுவதுண்டு. இரு வகைகளிலும் 1500 சுற்றுக்குக் கீழே டர்போ அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்நிலையில் உச்ச முறுக்கு விசையில் பாதியளவையே எதிர்பார்க்கத்தக்கது. புதிதாக டீசல் கார் ஓட்டுவோர், "மிதித்தும் வண்டி எழவில்லை, பிறகு திடீரெனப் பாய்கிறது" என்று குறைகூறுவது இதனாலேயே. இக்குறை எஞ்சினின் திறனை உயர்த்துவதால் தீராது. ஒரு கியர் இறக்குவதால் தீரும்.

சாலை கேட்பது எவ்வளவு?

எஞ்சின் எவ்வளவு தரும் என்பதை மட்டும் எண்ணிச் சாலை எவ்வளவு கேட்கிறது என்பதைக் கணக்கிடாமல் விடுவது பலருக்கும் வழக்கம். இருவர் அமர்ந்த நிலையில் 1250 கிலோகிராம் எடையுள்ள சிறு கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயரின் உருளல் தடை எடையில் 1.2 விழுக்காடு எனவும், காற்றுத் தடைக்கெழு 0.34 எனவும், முகப்புப் பரப்பு 2.1 சதுர மீட்டர் எனவும் கொள்க. இவை இத்தகைய கார்களுக்குப் பொருந்தும் எண்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் செல்ல இவ்வண்டியின் சக்கரங்களுக்குத் தேவைப்படுவது 2 குதிரைத் திறன் மட்டுமே! 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 11 ஆகிறது, 100-இல் 18, 120-இல் 28. வேகம் நான்கு மடங்கானால் தேவை நான்கு மடங்காவதில்லை, பதினான்கு மடங்காகிறது என்பதை மாணவர்கள் கரும்பலகையில் தாமே செய்து கண்டால் மறக்கமாட்டார்கள். காற்றுத் தடைக்கு ஈடுகொடுக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப வளர்வதே காரணம்.

மாவட்டச் சாலையில் 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்பவர், எஞ்சினின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை என்பது இதனாற் பெறப்படும். எரிபொருள் செலவிலும் இரண்டு எஞ்சின்களுக்கும் அவ்வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்க முடியாது. சக்கரங்கள் கேட்பது ஒன்றே. எரியும் டீசலும் ஏறத்தாழ ஒன்றே. 80 கிலோமீட்டர் சீரான வேகத்தில் லிட்டருக்கு இருபதுக்குச் சற்று மேற்பட்ட கிலோமீட்டர் என்பது இக்கணக்கிலிருந்து கிட்டும் விடை. பெரிய எஞ்சின் டீசலை மிகுதியாகக் குடிக்கிறது என்னும் புகார், பெரும்பாலும் ஓட்டுநரின் வலக்காலைப் பற்றிய புகாரேயாகும்.

அவ்வாறாயின் மிகுதியான திறன் எதற்கு? ஒருவழிச் சாலையில் லாரியை முந்துவதற்கு. இங்கு உயிர் தொடர்பு கொண்டிருப்பதால் சற்று விரிவாகக் காண்பது தகும். ஐவரும் மூட்டைகளும் ஏறி 1500 கிலோகிராமாகிவிட்ட கார், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-ஐ எட்ட வேண்டும் எனக் கொள்வோம். அதற்கு இயக்க ஆற்றலில் 208 கிலோஜூல் கூட்டப்பட வேண்டும். அவ்வேளையிலும் டயரும் காற்றும் ஏறத்தாழ 11 கிலோவாட்டைத் தின்றுகொண்டே இருக்கும். கியர்ப் பெட்டி முதலியவற்றில் 15 விழுக்காடு வீணாகிறது எனக் கழித்து, இரு எஞ்சின்களும் தம் முழுத் திறனையும் தருவதாக வைத்துக்கொண்டால், 75 குதிரைத் திறன் வண்டிக்கு 5.8 வினாடியும் 90 குதிரைத் திறன் வண்டிக்கு 4.6 வினாடியும் ஆகும். வேறுபாடு 1.2 வினாடி. எண்ணிக்கையில் சிறிதெனினும், 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்நேரத்துக்குள் வண்டி 30 மீட்டர் கடந்துவிடும். எதிரில் வரும் வண்டியும் அதே வேகத்தில் வருமாயின் இடைவெளி 60 மீட்டர் சுருங்கும். இது புறக்கணிக்கத்தக்க தூரமன்று.

ஆனால் இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முழுத் திறனும் கிட்டுவது 4000 சுற்றை ஒட்டியே. ஐந்தாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்றுவது ஏறத்தாழ 2000. அந்நிலையில் கியரை மாற்றாமல் அழுத்தி மிதிப்பவர்க்குக் கிட்டுவது 75 குதிரைத் திறன் வண்டியில் 54, 90 குதிரைத் திறன் வண்டியில் 57. மூன்றாம் கியருக்கு இறக்கி முந்தும் சிறிய எஞ்சின், ஐந்தாம் கியரிலேயே முந்த முயலும் பெரிய எஞ்சினைவிட முன்னதாக லாரியைக் கடக்கும். பெரிய எஞ்சின் வாங்கிவிட்டோம் என்னும் துணிவில் கியரை இறக்காமல் வலப்புறம் ஒதுங்குவது, எண்ணிப் பார்த்தால் அஞ்சத்தக்க பழக்கமாகும்.

மலைச்சாலை

மலைப் பகுதிகளில் பணியாற்றுவோர்க்கு வேறொரு கணக்கு உண்டு. அதே 1500 கிலோகிராம் வண்டி, 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமாயின் சக்கரங்களுக்கு 23 குதிரைத் திறன் வேண்டும். எஞ்சின் தர வேண்டியது 27 அல்லது 28. இதனை இரண்டு எஞ்சின்களும் 2000 சுற்றிலேயே இலகுவாகத் தந்துவிடும். ஆகவே ஏறிக்கொண்டிருக்கும்போது இடர் இல்லை. இடர் எழுவது கொண்டை ஊசி வளைவில், வேகம் குறைந்து சுற்று 1500-க்குக் கீழே இறங்கும் கணத்தில். டர்போ உறங்கிவிடுகிறது, முறுக்கு விசை பாதியாகிறது. அக்கணத்தில் முதல் கியரைத் தேடுவோர் பலர்.

உயரமும் இதில் ஒரு பங்கு கொள்கிறது. கடல் மட்டத்தைவிட 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 18 விழுக்காடு குறைவு. உதகமண்டலமும் சிம்லாவும் இதைவிடச் சற்றே உயரமானவை. 3500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் அடர்த்தி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். டர்போ விழித்திருக்கும்போது இக்குறையைப் பெரும்பகுதி ஈடுசெய்துவிடும். விழிக்காதபோது எஞ்சின் முழு இழப்பையும் தாங்க வேண்டும். அசையும் தகடுகள் உள்ள வகை இங்குத் தன் தகுதியைக் காட்டக்கூடும். இமயமலைச் சரிவுகளிலோ நீலகிரியிலோ நிலையாகப் பணியாற்றி, குடும்பத்தோடு அடிக்கடி மலையேறுபவர் 90 குதிரைத் திறன் வகைக்குக் கூடுதல் விலை தருவதில் தவறில்லை. கங்கைச் சமவெளியிலோ காவிரிப் படுகையிலோ உள்ளவர்க்கு அதே காரணம் பொருந்தாது.

எடையை மறத்தலாகாது

திறனை மட்டும் பார்த்து இரு வேறு வண்டிகளை ஒப்பிடுவது பெரும் பிழைக்கு வழிகோலும். சுவிஃப்ட் டீசல் காரின் வெற்றெடை ஏறத்தாழ 1080 கிலோகிராம். ஏழு பேர் அமரும் எர்டிகா டீசல் காருடையது ஏறத்தாழ 1240. முன்னதில் ஐவரும் பின்னதில் எழுவரும், ஆளுக்கு 75 கிலோகிராமாக ஏறினால் மொத்த எடை முறையே 1455-உம் 1765-உம் ஆகும். ஒரு டன் எடைக்குக் கிட்டும் குதிரைத் திறன் முன்னதில் 51 முதல் 52, பின்னதில் 51. பெரிய வண்டிக்குப் பெரிய எஞ்சின் இட்ட தயாரிப்பாளர், வேகத்தைக் கூட்டவில்லை. எடைக்கு ஈடு கட்டினார், அவ்வளவே. ஆதலால் "90 குதிரைத் திறன்" என்னும் சொல்லைக் கேட்டவுடன் விரைவான வண்டி என்று எண்ணிவிடலாகாது. ஒரே உடல் கொண்ட புன்டோவிலோ விஸ்டாவிலோ செஸ்டிலோதான் அம்மிகைத் திறன் உண்மையான மிகையாக நிற்கிறது.

பழைய வண்டி என்பதை நினைவிற் கொள்க

இதுகாறும் கூறியவை யாவும் எஞ்சின் புதிதாக இருந்தபோது அளக்கப்பட்ட எண்களைப் பற்றியவை. இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய எஞ்சினில் தயாரிப்பாளர் கூறிய திறன் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. காற்றுவடி அடைத்தாலோ, டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் நுண்ணிய பிளவு ஏற்பட்டாலோ, புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளிழுக்கும் வால்வில் கரி படிந்தாலோ, 90 குதிரைத் திறன் வண்டி 75-ஐவிடச் சோம்பலாக ஓடும். வாங்குபவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது 75-க்கும் 90-க்கும் இடையே அன்று; நன்கு பேணப்பட்ட ஒரு குறிப்பிட்ட வண்டிக்கும், பேணப்படாத மற்றொரு குறிப்பிட்ட வண்டிக்கும் இடையேயாகும்.

90 குதிரைத் திறன் வகையில் தனியாகப் பார்க்க வேண்டிய உறுப்பு அசையும் தகடுகளே. நகர நெரிசலில் மெல்லவே ஓடிய வண்டியில் கரி படிந்து அத்தகடுகள் ஒட்டிக்கொள்வதுண்டு. நெருங்கிய நிலையில் ஒட்டிக்கொண்டால் உயர்ந்த சுற்றில் காற்றழுத்தம் அளவு மீறும். கணிப்பொறி உடனே எரிபொருளைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கை ஏற்றி, வண்டியைத் தவழவிடும். விலகிய நிலையில் ஒட்டிக்கொண்டால் தாழ்ந்த சுற்றில் இழுவையே இராது. சில வேளைகளில் சுத்தம் செய்வதால் சரியாகும். பல வேளைகளில் டர்போ முழுவதையும் மாற்ற நேரிடும். அதன் விலை எளிய வகை டர்போவின் விலையைவிட மிகுதி. நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியில் இத்தொல்லை குறைவு. எனவே குறைந்த கிலோமீட்டர் ஓடிய நகரத்து வண்டியே சிறந்தது என்னும் பொதுக் கருத்து டீசல் வண்டிக்கு முழுதும் பொருந்தாது.

இரு வகைகளுக்கும் பொதுவான நோய் ஒன்றுண்டு. இவ்வெஞ்சினில் வால்வுகளை இயக்குவது சங்கிலி. ரப்பர்ப் பட்டையைப் போல் குறித்த காலத்தில் மாற்ற வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் எண்ணெயைக் காலத்தில் மாற்றாத வண்டியில் சங்கிலி தளர்ந்து, காலையில் முதன்முறை எஞ்சினை இயக்கும்போது சில வினாடிகள் சலசலக்கும். இவ்வொலியைக் கேட்டவர் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு வண்டி பார்ப்பதே நன்று. சங்கிலி நழுவினால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையையே எட்டக்கூடும்.

இதனாற்றான், வண்டியைப் பார்க்கச் செல்வோர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனைக் காண வேண்டும் என்பது. வரும்முன் உரிமையாளரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அடுத்த நாள் விடியற்காலையில் மீண்டும் செல்வது தகும். இயக்கியபின் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால் புகை பெருகி வெளிவருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். மிகுதியான புகை, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்ததற்கு அடையாளம். பின்குழாயில் நீலப் புகை எண்ணெய் எரிவதையும், அழுத்தி மிதிக்கும்போது எழும் அடர்ந்த கரும்புகை காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும். பிறகு ஆளற்ற நேர்ச்சாலையில் மூன்றாம் கியரில் 1500 சுற்றிலிருந்து முழுவதும் மிதித்து 3500 வரை ஏற்றிப் பார்ப்பது மிகச் சிறந்த சோதனை. 1800-க்கும் 2000-க்கும் இடையே உந்தல் தெளிவாகத் தொடங்க வேண்டும். 75 குதிரைத் திறன் வகையில் 3000-க்கு மேல் அது மெல்லத் தளர்வது இயல்பு. 90 வகையில் தளர்வு பின்னரே வர வேண்டும். 90 என்று விற்கப்படும் வண்டி 3000-க்கு மேல் 75-ஐப் போலவே தளருமாயின், ஒன்று டர்போ பழுது, அல்லது விற்பவர் கூறுவது பொய். அதே சோதனையில் சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளச் தேய்ந்துள்ளது.

திறனைக் கூட்டும் கடைகள்

75 குதிரைத் திறன் வண்டியின் கணிப்பொறியில் மென்பொருளை மாற்றி 90-க்கு மேலும் ஏற்றித் தருவதாகக் கூறும் கடைகள் நகரங்களில் உண்டு. செய்ய இயலாததன்று. ஆனால் மாறாத வாயிலுடைய சிறு டர்போவைக் கூடுதலாகச் சுழற்றியும், டீசலை மிகுதியாகச் செலுத்தியுமே அத்திறன் பெறப்படுகிறது. டர்போவும் கிளச்சும் அதற்கென அமைக்கப்பட்டவை அல்ல. புகை மிகும். காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம் விபத்துக்குப்பின் வழக்குக்கும் இடந்தரும். பழைய வண்டி வாங்குவோர் அஞ்ச வேண்டியது, முந்திய உரிமையாளர் இவ்வாறு செய்து, சில ஆண்டுகள் ஓட்டி, பிறகு பழைய மென்பொருளையே ஏற்றி விற்பதை. இதனைக் கண்டறிய எளிய வழி இல்லை. வழக்கத்துக்கு மீறிய காற்றுவடியோ, பெரிய புகைக்குழாயோ, அளவுக்கு மீறி அகன்ற டயரோ காணப்பட்டால் ஐயுறுவது முறை.

பதிவுப் புத்தகத்தைப் பற்றிச் சில

பதிவுச் சான்றில் கொள்ளளவு 1248 என்றே இரு வகைகளுக்கும் இருக்கும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் கொள்ளளவைக் கொண்டே, 1000 முதல் 1500 கன செண்டிமீட்டர் வரை ஒரே படியாக விதிக்கப்படுவதால் அதிலும் வேறுபாடு இல்லை. ஆதலால் வண்டி எவ்வகை என்பதைச் சான்றிலுள்ள வகைப் பெயரைக் கொண்டும், எஞ்சின், சட்ட எண்களை அந்நிறுவனத்தின் பணிமனையில் காட்டியும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பின்கதவில் ஒட்டிய எழுத்துகளை நம்புவதற்கில்லை. அவை கடைகளில் தனியே விற்கப்படுகின்றன. பணிமனையிலேயே அவ்வண்டியின் பராமரிப்புக் குறிப்பையும் கேட்டுப் பெறுவது இரட்டைப் பயன் தரும்: எண்ணெய் மாற்றிய நாட்களும், ஓடிய கிலோமீட்டரும் அதில் தெரிந்துவிடும்.

டில்லியிலும் அதைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரத்திலும் பணியாற்றுவோர்க்குத் திறனைவிட வண்டியின் வயதே முதன்மையானது. பத்தாண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் அங்கு ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை உறுதிசெய்தது. 2025-இல் அதே நீதிமன்றம் இதில் இடைக்கால மாற்றங்களையும் செய்தது. வாங்கும் நாளில் நடைமுறையிலுள்ள ஆணையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். பிற மாநிலங்களில் முதற்பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டுப் புதுப்பிக்கப்படும். டில்லியில் விலை மலிந்த வண்டிகள் தொலைவிலுள்ள மாநிலங்களுக்கு வந்து சேர்வது இவ்வேறுபாட்டினாலேயே. அவ்வண்டிகளை வாங்குவோர், முந்திய மாநிலம் வழங்கும் தடையின்மைச் சான்றும், புதிய மாநிலத்தில் செலுத்த வேண்டிய சாலை வரியும் விலையோடு சேரும் என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 75-க்கும் 90-க்கும் இடையே சந்தையில் கேட்கப்படும் விலை வேறுபாட்டைவிட அவ்வரி மிகுதியாக இருத்தலும் கூடும்.